பழைய கார்ட்டூன் நேரத்தை வீட்டுக்குக் கொண்டுவர எந்த வழி நல்லது?

பள்ளிக்கூடம் விட்டு வந்து, புத்தகப் பையைக் கதிரையில் எறிந்துவிட்டு டிவிக்கு முன்னால் குந்தியிருந்த நாங்கள் இன்றைக்குப் பிள்ளைகளை வளர்க்கிறோம், அல்லது என்னைப்போல மருமக்களோடு பொழுதைக் கழிக்கிறோம். அந்தக் கார்ட்டூன்களை இவர்களுக்கும் காட்டவேண்டும், கூட இருந்து நாங்களும் பார்க்கவேண்டும் என்ற ஆசை என் வயதுக்காரர் பலருக்கு உண்டு. அதற்கு வழிகளும் நிறைய இருக்கின்றன. டிஷ் பொக்ஸில் வரும் சிறுவர் சனல்கள், மாதக் கட்டணம் கட்டும் செயலிகள், யூடியூப், பழைய வீடியோ கொப்பிகள் (கசெட்டுகள்), டிஸ்க் பெட்டிகள். திருகோணமலை உப்புவெளியில் இருக்கும் அக்கா வீட்டுக்காக இவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். மூத்தவன் நாலாம் ஆண்டு, சின்னவள் முதலாம் ஆண்டு. இந்த இரண்டு பேருக்கும் பொருந்தவேண்டும் என்பதுதான் எங்களுக்கு இருந்த பெரிய கட்டுப்பாடு.

முதலில், எதைத் தேடுகிறோம் என்பது தெளிவாகவேண்டும். திருகோணமலையில் கார்ட்டூன் பல வழிகளால் வந்தது. அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982இல் தொடங்கியது. அதில் டைட்டஸ் தொட்டவத்த குரல்மாற்றிக் கொடுத்த சிங்களக் கார்ட்டூன்கள் தமிழ் வீடுகளிலும் ஓடின. மொழி முழுதாக விளங்காவிட்டாலும் முயல் ஏன் ஓடுகிறது, யார் துரத்துகிறார் என்பதெல்லாம் விளங்கியது. ஒழுங்கையில் இருந்த தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் எல்லோரும் அடுத்த நாள் அந்த ஒரே முயலைப் பற்றித்தான் கதைத்தார்கள். 1998இல் தமிழ்ச் சனலான சக்தி டிவி வந்தது. 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு கூரைகளில் டிஷ்கள் கூடின. 2004 டிசம்பரில் இந்தியாவில் டூன் டிஸ்னி தொடங்கியது. அதில் ஜெட்டிக்ஸ் என்ற பெயரில் பவர் ரேஞ்சர்ஸ் தமிழில் ஓடியது. 2007 ஏப்ரலில் சுட்டி டிவி வந்தபிறகு, ஜாக்கி சான் தொடரும் டோராவும் புஜ்ஜியும் ஊர்ப் பிள்ளைகளின் வாயிலேயே குடியிருந்தார்கள். குள்ளநரி வரும்போது டோராவோடு சேர்ந்து மூன்று தரம் அதட்டாத பிள்ளை எங்கள் பக்கத்தில் இல்லை.

இவற்றையெல்லாம் நினைக்கும்போது கதைகள் எனக்கு முழுதாக ஞாபகம் வருவதில்லை. எந்தக் கார்ட்டூனுக்குப் பிறகு எது வரும் என்பது அப்படியே ஞாபகம் இருக்கிறது. நடுவில் அறிவிக்கும் குரல், விளம்பரம் வரும்போது தண்ணீர் குடிக்க ஓடிய ஓட்டம், சரியான கட்டத்தில் 'தொடரும்' என்று போட்டுவிட்டால் அடுத்த நாள் வரை இருந்த தவிப்பு, வகுப்பில் பார்க்காதவனுக்குக் கதை சொல்லும் பெருமை, இவைதான் வருகின்றன. அதாவது எனக்கு வேண்டியது அந்த நேரமும் அந்த வரிசையும்.

இப்படி வரிசையாகக் கோத்துப் போடுவதைப் பெரிய கலையாகச் செய்துகாட்டியது டூனாமி என்ற நிகழ்ச்சி வரிசை. அமெரிக்கக் கார்ட்டூன் நெட்வொர்க்கில் 1997 மார்ச் 17ஆம் தேதி தொடங்கியது. முதலில் தண்டர்கேட்ஸ், வோல்ட்ரான் போன்ற பழைய தொடர்கள்தான். 1998இல் ஜப்பானியத் தொடர்களான சேலர் மூனும் டிராகன் பால் இசட்டும் சேர்ந்தபிறகு அதன் முகமே மாறியது. அமெரிக்கக் கார்ட்டூன்கள் பெரும்பாலும் ஒரு நாளில் ஒரு கதையை முடித்துவிடும். ஜப்பானியத் தொடர்களோ கதையைப் பாதியில் விட்டுப் போகும். பிள்ளைகள் அடுத்த நாளும் வந்தே ஆகவேண்டும். 1999இல் இருந்து விண்கலத்தில் இருக்கும் டாம் என்ற ரோபோ நிகழ்ச்சிகளை அறிவித்தது. 2000ஆம் ஆண்டில் அந்த விண்கலத்துக்குள் ஒரு பொல்லாத உயிர் புகுந்துவிட்டதாக, அறிவிப்புகளுக்கிடையிலேயே ஒரு தொடர்கதையை ஓட்டினார்கள். அறிவிப்பாளருக்கே ஒரு கதை! டிராகன் பால் இசட் 1998இல் வந்தபோது ஆங்கிலத்தில் தயாராக இருந்தது 53 அத்தியாயங்கள் மட்டும். கதை சூடுபிடித்த இடத்தில் அது நின்று மறுபடி முதலில் இருந்து ஓடும். 1999 செப்டம்பரில் புதிய அத்தியாயங்கள் வரும்வரை பிள்ளைகள் அதையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

டூனாமி 2008 செப்டம்பரில் நின்றது. 2012 ஏப்ரல் முதலாம் தேதி இரவு ஒரு பகிடியாக அதைத் திரும்பப் போட்டார்கள். பார்த்தவர்கள் விடாமல் கேட்கவே அந்த மே மாதம் உண்மையாகவே திரும்பி வந்தது. ஆனால் வந்த இடம் சனிக்கிழமை நள்ளிரவு, பெரியவர்களுக்கான பகுதியில். பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது சரி, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைக்கு அதில் இடமில்லை. எங்கள் கேள்விக்கும் இது பொருந்தும். யாருக்காக, எத்தனை மணிக்கு என்று முதலில் முடிவெடுத்தால் மற்றதெல்லாம் அதன் பின்னால் வரும்.

சரி, இனி வழிகளுக்கு வருகிறேன்.

டிஷ் பொக்ஸ் ஏற்கனவே பல வீடுகளில் இருக்கிறது. தமிழ்க் குரல் உண்டு, பிள்ளைக்குத் தானே ரிமோட்டைப் பிடித்துப் பார்க்கத் தெரியும், நேர அட்டவணையும் இருக்கிறது. ஆனால் அது இன்றைய பிள்ளைகளின் வரிசை. 2008இல் சோட்டா பீம் வந்த நாளில் இருந்து இந்தியாவிலேயே தயாரித்த கார்ட்டூன்கள் சிறுவர் சனல்களில் பெரிய இடத்தைப் பிடித்துக்கொண்டன. அதில் ஒரு பிழையும் இல்லை, எங்கள் சின்னவளுக்கு அவை உயிர். பழையதைக் காட்ட மட்டும் இந்த வழி உதவாது. அப்புறம் மழை. நவம்பர், டிசம்பரில் இங்கே அடிக்கிற வாடைக்கால மழையில் டிஷ்ஷுக்கு வரும் அலை வலுவிழந்து படம் கட்டம் கட்டமாக உடையும். அதிக அதிர்வெண்ணில் வரும் அலையை மழைத்துளி உறிஞ்சுவதால் வருவது அது, டிஷ்ஷைத் திருப்பிப் பயனில்லை.

செயலிகள் இன்றைக்கு எல்லோரும் முதலில் சொல்லும் வழி. நெட்ஃபிளிக்ஸ் 2016 ஜனவரியில் இருந்து இலங்கையில் கிடைக்கிறது, அனிமே எனும் ஜப்பானியக் கார்ட்டூன்கள் மட்டும் வேண்டுமென்றால் கிரஞ்சிரோல் இருக்கிறது. படம் சுத்தமாக இருக்கும், விளம்பரமில்லாமல் பார்க்கலாம், செய்தவர்களுக்கும் காசு போகும். இந்தக் கடைசி விஷயம் எனக்கு முக்கியம். பென் டிரைவில் ஏற்றி வாங்கிவந்த படங்களில் வளர்ந்த ஊர் எங்களுடையது. வழியே இல்லாத காலம் அது. இப்போது வழி இருக்கும்போது பிள்ளைகளுக்கு அந்தத் திருட்டுப் படப் பழக்கத்தைப் பழக்க எனக்கு விருப்பமில்லை.

செயலியில் இரண்டு குறைகள். முதலாவது தமிழ்க் குரல். ஜுஜுட்சு கைசென் போன்ற புதிய தொடர்களுக்குக் கிரஞ்சிரோல் தமிழ்க் குரல் சேர்த்திருக்கிறது, ஆனால் அவை ஆறு வயதுப் பிள்ளைக்கானவை அல்ல. நாங்கள் கேட்டு வளர்ந்த தமிழ்க் குரல்கள் பெரும்பாலும் அந்தந்தச் சனல்கள் தங்களுக்காகப் பதிவுசெய்தவை. தொடரின் உரிமையை வேறொரு நிறுவனம் வாங்கும்போது அந்தக் குரல் கூடவே வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆகவே தொடர் கிடைக்கும், குரல் கிடைக்காது. பட்டியலும் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் காசு கட்டுமுன் இலங்கையில் என்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது குறை, காத்திருப்பு இல்லாமல் போவது. ஒரு அத்தியாயம் முடிந்து சில விநாடிகளில் அடுத்தது தானாகத் தொடங்கிவிடும். நாங்கள் ஒரு வாரம் மண்டையைப் போட்டு உடைத்த முடிச்சு இங்கே எழுந்து தண்ணீர் குடித்து வருவதற்குள் அவிழ்ந்துவிடும். நல்லவேளையாக இது தீர்க்கக்கூடிய குறை. நெட்ஃபிளிக்ஸில் பிள்ளையின் கணக்கு அமைப்புக்குள் போய் அடுத்த அத்தியாயம் தானாக ஓடுவதை நிறுத்தலாம். நாங்கள் முதலில் செய்த வேலை அதுதான்.

செலவைப் பற்றியும் சொல்லவேண்டும். 2022இல் ஒரு டொலர் இருநூறு ரூபா அளவில் இருந்து முந்நூற்றைம்பதுக்கு மேல் போனபிறகு, வெளிநாட்டுக் கட்டணம் எதுவும் இங்கே சின்னக் கட்டணம் இல்லை. டேட்டாவும் உண்டு. சாதாரணத் தரத்தில் மணித்தியாலத்துக்கு ஒரு ஜிபி வரையும், உயர் தரத்தில் மூன்று ஜிபி வரையும் போகும். வாரம் ஒரு மணித்தியாலம் என்று வைத்தால் மாதத்துக்கு நாலு ஜிபி. பிள்ளை கையில் போனைக் கொடுத்துவிட்டு இருந்தால் நாலு நாளில் அந்தளவு முடியும்.

யூடியூப்பில் அனிமேக்கு மியூஸ் ஏசியா, அனி-ஒன் ஏசியா என்று உரிமை பெற்ற சனல்கள் இருக்கின்றன. தென்கிழக்காசியாவுக்கும் தென்னாசியாவுக்கும் இலவசமாகவே முழு அத்தியாயங்களைப் போடுகிறார்கள். தனியாகப் பார்க்கும் ஒரு பெரிய ஆளுக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்றே சொல்வேன். ஆனால் ஜப்பானியக் குரல், கீழே ஆங்கில வரிகள். முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு இரண்டும் எட்டாது. நாங்கள் பார்த்த தமிழ்க் கார்ட்டூன்கள் யூடியூப்பில் வேறு ஆட்கள் ஏற்றியவையாக அங்குமிங்கும் கிடக்கின்றன. உரிமைக்காரரிடம் பிடிபடாமல் இருக்கப் படத்தை இடம் வலமாகத் திருப்பி, குரலைச் சற்றுக் கீச்சாக்கி, ஓரத்தை வெட்டிப் போடுவார்கள். ஆசையோடு திறந்து அந்தக் குரலைக் கேட்டால் மனம் விட்டுப்போகிறது. கூடவே, பக்கத்தில் வரிசையாக வரும் மற்ற வீடியோக்கள் பிள்ளையை எங்கே கொண்டுபோகும் என்று சொல்லமுடியாது.

பழைய கொப்பிகளைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதவேண்டும், ஏனென்றால் நினைவு என்ற வகையில் இவற்றை வெல்ல எதுவும் இல்லை. டெக் இருந்த வீடுகளில் எங்காவது ஒரு பெட்டிக்குள் கொப்பிகள் கிடக்கும். பாலையூற்றில் பெரியம்மா வீட்டில் ஒரு கலியாணக் கொப்பி இருந்தது. கலியாணம் முடிந்து மிச்சமிருந்த நாடாவில் யாரோ டிவியில் ஓடியதைப் பதிந்திருக்கிறார்கள். பாதிக் கார்ட்டூன், பிறகு சவர்க்கார விளம்பரம், பால்மா விளம்பரம், அறிவிப்பாளரின் குரல், மறுபடி கார்ட்டூன், திடீரென்று கறுப்பு. கரண்ட் போயிருக்கவேண்டும். நானும் அக்காவும் பெரியம்மாவும் அந்தப் பால்மா விளம்பரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். அந்த வரிசையின் ஒரு துண்டு அப்படியே உயிரோடு இருந்தது அங்கே மட்டும்தான்.

சின்னவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மாமா, இதை ஸ்கிப் பண்ணேலாதா?" என்று கேட்டாள். மூத்தவன் அதற்கு முன்னமே எழுந்து போய்விட்டான். மங்கிய படமும் இரைச்சலும் எங்களுக்கு இனிக்கலாம், அவர்களுக்கு அது வெறும் கெட்டுப்போன படம். ஆகவே கொப்பி எங்களுக்கான வழி.

இருந்தாலும் அவற்றைக் காப்பாற்றுங்கள், அதுவும் கெதியாக. கடற்கரை ஊரில் ஈரமும் உப்புக் காற்றும் நாடாவை விடாது. கொப்பியின் கண்ணாடி வழியாகப் பாருங்கள். சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் படலம் தெரிந்தால் அது பூஞ்சணம். அதை டெக்கில் போடவே கூடாது. டெக்கின் ஹெட்டில் ஒட்டி அடுத்த கொப்பிக்கும் பரவும், நாடாவும் சிக்கி அறுந்துபோகும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் முதலில் கொடுக்கவேண்டும். பூஞ்சணம் இல்லையென்றால், வேலை செய்யும் டெக் ஒன்றும், மஞ்சள் வெள்ளை சிவப்பு வயர்களைக் கொம்பியூட்டரின் யூஎஸ்பியில் சேர்க்கும் சின்னக் கருவி ஒன்றும் போதும். மூன்று மணித்தியாலக் கொப்பிக்கு மூன்று மணித்தியாலம் ஓடவிடவேண்டும், அவசரப்படுத்த வழியில்லை. டெக் செய்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையோடு அதை நிறுத்திவிட்டது. இனி இருப்பவை பழைய டெக்குகள்தான், அவை ஒவ்வொன்றாகப் பழுதாகிக்கொண்டு வருகின்றன.

டிஸ்க் பெட்டிகளை எங்கள் ஊரில் தேடி வாங்குவது கஷ்டம். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் கொண்டுவந்தால் உண்டு. எங்களுக்குக் கனடாவில் இருந்து சித்தப்பா சாமுராய் ஜாக் என்ற கார்ட்டூன் தொடரின் முதல் பருவத்தைக் கொண்டுவந்தார். டிவிடிகளுக்கு, எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்று பிரிக்கும் வலயம் உண்டு. கனடா முதலாம் வலயம், இலங்கை ஐந்தாம் வலயம். வலயம் பார்க்காத பிளேயர் வீட்டில் இருந்தால் கவலையில்லை. கொம்பியூட்டரில் போடுவதென்றால் வலயத்தை ஐந்து தரம்தான் மாற்றலாம், பிறகு பூட்டிக்கொள்ளும். டிஸ்க்கின் ஒரே பெரிய நன்மை, உரிமை முடிந்துவிட்டது என்று யாரும் ஒருநாள் வந்து எடுத்துக்கொண்டு போகமாட்டார்கள்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தபிறகு நாங்கள் எடுத்த முடிவு, இவற்றில் எது கையில் இருந்தாலும் அதைக் கொண்டு வீட்டுக்கென்று ஒரு கார்ட்டூன் வரிசையை நாங்களே போடுவது. அக்காவுக்கு முதலில் நம்பிக்கை இல்லை. "போட்டுப் பார், பிள்ளையள் இருந்து பாக்குதுகளோ எண்டு பாப்பம்" என்றாள்.

நேரம் குறிப்பதே பெரிய வேலையாக இருந்தது. கிழமை நாட்களில் ரியூசன், மூத்தவனுக்கு அடுத்த ஆண்டு புலமைப்பரிசில் வேறு. வெள்ளிக்கிழமை கோவில். ஞாயிறு காலையில் அறநெறி வகுப்பு. சனிக்கிழமை பின்னேரம் ஐந்து மணி என்று நான் சொன்னேன், எங்கள் காலத்து நேரம் என்பதால். அக்கா மறுத்தாள். அந்த நேரத்தில் வெயில் தணிந்து பிள்ளைகள் கடற்கரைக்கு ஓடும், அதைக் கெடுக்கக்கூடாது என்றாள். அவள் சொன்னது சரி. ஆகவே சனி மாலை ஆறரை, விளக்கு வைத்தபிறகு ஒரு மணித்தியாலம்.

வரிசையில் முதலில் சின்னவளுக்கானது. தமிழ்க் குரல் இல்லாத குறைக்கு நாங்கள் கண்ட வழி, பேச்சே இல்லாத கார்ட்டூனைப் போடுவது. 1940இல் தொடங்கிய டாம் அண்ட் ஜெர்ரிக்கு எந்த மொழியும் வேண்டாம், ஷான் என்ற செம்மறியாட்டின் கதைக்கும் வேண்டாம். அதன் பிறகு ஐந்து நிமிட இடைவேளை. கச்சான் எடுக்க, தண்ணீர் குடிக்க, சண்டை பிடிக்க. பிறகு மூத்தவனுக்கான தொடர், வாரத்துக்கு ஒரே ஒரு அத்தியாயம். சாமுராய் ஜாக்கைத் தெரிவுசெய்ததற்குக் காரணங்கள் உண்டு. அதில் பேச்சு மிகக் குறைவு, நீண்ட காட்சிகள் சத்தத்தாலும் நிறத்தாலுமே நகரும், ஆங்கிலம் அரைகுறையாக இருந்தாலும் தொடரலாம். முதல் பருவம் 13 அத்தியாயங்கள். வாரம் ஒன்றாகப் போட்டால் ஏறத்தாழ ஒரு பள்ளித் தவணை. டிராகன் பால் இசட் எனக்கு எவ்வளவோ பிடிக்கும், ஆனால் 291 அத்தியாயங்களை இப்படிப் போட்டால் ஐந்தரை வருடத்துக்கு மேல் எடுக்கும், மூத்தவன் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கத் தொடங்கிவிடுவான். அதைப் போட விரும்புபவர்கள் 'டிராகன் பால் இசட் காய்' என்ற பெயரில் சுருக்கி வெளியிட்ட பதிப்பைப் பார்க்கலாம்.

அறிவிப்பாளர் மூத்தவன். அடுத்து என்ன வருகிறது என்று முதல் நாளே போனில் பதிந்து வைக்கிறான். அதை டிவியில் போட்டுவிட்டுத்தான் கார்ட்டூன் தொடங்கும். ஒரு வாரம் தங்கச்சியின் பல் விழுந்த செய்தியை வாசித்தான், ஒரு வாரம் கோட்டைப் பக்கம் மான் ஒன்று கடைக்குள் புகுந்ததைச் சொன்னான். இந்தப் பகுதிக்காகவே பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். ஒரு சனிக்கிழமை தவறவிட்டவருக்கு மறுபடி போட்டுக்காட்டுவதில்லை என்பது விதி. பார்த்தவர்கள் கதை சொல்லவேண்டும். முன்வீட்டுப் பையன் ஒருவன் காய்ச்சலோடு படுத்திருந்தபோது, சின்னவள் மதிலுக்கு இந்தப் பக்கம் கதிரை போட்டு ஏறி நின்று, கையைக் காலை ஆட்டி முழு அத்தியாயத்தையும் சொன்னாள். அவள் சொன்னதில் பாதி அந்தக் கார்ட்டூனில் இல்லை. நாங்களும் அப்படித்தான் சொன்னோம்.

எல்லா வீட்டுக்கும் இதே முடிவு பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். பிள்ளைகள் இல்லாமல் தனியாக இருப்பவர், அதுவும் ஊரை விட்டுத் தூரத்தில் இருப்பவர், கொப்பிகளை எண்மப்படுத்துவதில் நேரத்தைச் செலவழிக்கலாம், அவருக்குத் தேவையானது அங்கேதான் இருக்கிறது. அனிமேயைக் கதைக்காகவே பார்ப்பவருக்கு யூடியூப்பின் உரிமை பெற்ற சனல்கள் போதும், காசு கட்டத் தேவையில்லை. இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில் சனிக்கிழமை ஒரு மணித்தியாலம் ஒதுக்குவதே கஷ்டம் என்றால், தானாக ஓடுவதை நிறுத்திய செயலியும் நாளுக்கு ஒரு அத்தியாயம் என்ற விதியும் பாதி வேலையைச் செய்யும். செயலிக்கு ஆண்டு முழுக்கக் கட்டவேண்டியதும் இல்லை, ஒரு பருவம் ஓடும் மாதங்களுக்கு மட்டும் கட்டி நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்த தவணைக்கு 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' என்ற கார்ட்டூன் தொடர் என்று முடிவாகியிருக்கிறது. மூன்று பருவங்கள், 61 அத்தியாயங்கள். முதல் பருவமே 20 என்பதால் தவணை முடியும்போது கதை நடுவில் நிற்கும். விடுமுறையில் வாரத்துக்கு இரண்டு நாள் போடலாம் என்று மூத்தவன் கேட்கிறான், அக்காவும் அவன் பக்கம்தான். காத்திருக்கட்டும் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.